பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

பாளையங்கோட்டையில், இணையதளங்களின் சர்வர்களைப் பராமரிக்கும் சின்ன அலுவலகம் ஒன்று. அங்கே குரு சங்கரவடிவு. வயது முப்பதுகூட ஆகவில்லை. சீடர் ஆதிமூலம், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த நரைத்த மீசைக்காரர். வேடிக்கைதான். வித்தைக்கு வயசு ஏது?

ஆதிமூலம் விசைப்பலகையில் கட்டளை தட்டி சர்வரை நடத்தப் பழகிய புதிது. திரையில் பொத்தானை அமுக்கி சர்வரை நடத்துபவர்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம்.

"பொத்தான் மேலா, கட்டளை மேலா? நீங்களே சொல்லுங்க மேடம்."

சங்கரவடிவு வாயைத் திறக்குமுன் போன் அடித்தது. ஆதிமூலம் எடுத்தார். பிரசவ வார்டு நர்ஸ் ஜெசிந்தா. ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித்தரும் தளம் இவர்கள் பொறுப்பில் இருந்தது. அது திறக்கவில்லையாம். கிடைப்பதற்கரிய வகை ரத்தம், ஒரு தாய்க்கு உடனே வேண்டும்.

ஆதிமூலம் திரையில் இருந்த பொத்தான் பலகையைப் பார்த்தார். சர்வர் ஓடுவதற்கான பச்சை விளக்கு எரிந்தது. கட்டளை தட்டினார். ஓடுகிறது என்றே பதில் வந்தது. தன் கணினியில் தளத்தைத் தட்டினார், உடனே திறந்தது.

"இங்க நல்லாத்தான் ஓடுதும்மா. உங்க நெட்டுதான் மக்கர் பண்ணுது. அணைச்சுப் போட்டுப் பாருங்க," என்று வைத்துவிட்டார்.

சங்கரவடிவு தன் கைபேசியில் அலுவலக வைஃபையை அணைத்தாள். வெளியாட்களைப் போல மொபைல் நெட்டில் தளத்தைத் தட்டி அவர் முன்னால் வைத்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஆதிமூலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் பாதுகாப்புக்கென்று அவர்தான் ஒரு கட்டளை தட்டியிருந்தார். அலுவலகத்தை மட்டும் உள்ளே விட்டு, வெளியே உள்ள அத்தனை பேருக்கும் கதவைச் சாத்திய கட்டளை அது.

அவசரமாக அதை நீக்கினார். கைபேசியில் தளம் திறந்தது. ஜெசிந்தாவைத் தானே அழைத்து மன்னிப்புக் கேட்டார். ரத்தம் கொடுக்க ஆள் வந்து சேர்ந்தாயிற்று என்று தகவல் வரும்வரை அந்த மனுஷர் உட்காரவே இல்லை.

உட்கார்ந்ததும் கேட்டார்.

"பொத்தானும் ஓடுதுன்னு சொல்லுச்சு, கட்டளையும் ஓடுதுன்னு சொல்லுச்சு. இனி நான் எதை நம்ப மேடம்?"

"ரெண்டும் பொய் சொல்லல அண்ணாச்சி. உள்ள ஓடத்தான் செஞ்சுது."

"அப்போ?"

"திறக்கலன்னு அந்த நர்ஸம்மா முதல்லயே சொன்னாங்களே. அவங்களை ஏன் நம்பல?"