கோணக்குளத்தில் சட்டப்படி ஓர் எருமை

கோணக்குளம் என்று ஒரு ஊர். எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைத்தான் திட்டுவீர்கள். அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் மூன்று பேர். ஏட்டு சங்கிலி, கான்ஸ்டபிள் சடையாண்டி, கான்ஸ்டபிள் பிச்சைமணி. மூவரும் தங்கமான மனிதர்கள். மூளை விஷயத்தை மட்டும் நாம் பேச வேண்டாம்.

போலீஸ்காரர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புதுச் சட்டம் ஒன்று வந்தது. பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து வாசித்துக் காட்டினார். "இதுல ஒரு எழுத்து மீறினாலும் தொப்பியைக் கழட்டிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் சடையாண்டி தன் தொப்பியை நாடா போட்டுத் தாடையோடு கட்டிக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் சீனியம்மா ஓடி வந்தாள். பால் விற்றுப் பிழைக்கிறவள். அவளுக்கு இருப்பது ஒரே எருமை.

"ஏட்டய்யா, என் எருமையை மாயழகு ஓட்டிட்டுப் போறான். இப்ப வாய்க்கால் கரையில போறான். வீட்டுல கன்னுக்குட்டி காலையிலருந்து பால் குடிக்காம கத்துது, கேக்கவே வயிறு எரியுது. சீக்கிரம் வாங்க."

மூவரும் ஓடினார்கள். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே ஓடினார்கள். மாயழகைக் கயிறும் கையுமாகப் பிடித்தும்விட்டார்கள். அவனும் கோணக்குளத்துக்காரன்தான், தப்பி ஓட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

சீனியம்மா கயிற்றில் கை வைத்தாள். ஏட்டு தடுத்தார்.

"பொறும்மா. முதல்ல எருமையை நாங்க பிடிக்கணும். அப்புறம்தான் உன்கிட்ட ஒப்படைக்கணும்."

"சரி, பிடிங்க."

பிச்சைமணி ஏட்டின் காதருகே வந்தான். "அய்யா, பொழுது சாஞ்சப்புறம் பொம்பளையைப் பிடிக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு."

ஏட்டு எருமையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "ஆமா. பொம்பளைதான்."

"அய்யா, அது எருமைய்யா" என்றாள் சீனியம்மா.

"எருமைன்னா பொம்பளை இல்லைன்னு ஆயிடுமா? விடியட்டும். அதுவரைக்கும் யார் கையில இருந்துச்சோ அவர் கையிலயே இருக்கட்டும்."

மாயழகு ஆம்பளை, அதனால் அவனைக் கைது செய்வதில் சிக்கல் இல்லை. எருமையை ஓட்டிக்கொண்டு அவன் முன்னால் நடக்க, எல்லோரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். வாசல் தூணில் எருமையை அவனே கட்டினான்.

"கைது பண்ணினா வேண்டியவங்களுக்குத் தகவல் சொல்லணும்" என்றான் சடையாண்டி. "உனக்கு யாருப்பா இருக்கா?"

மாயழகு யோசித்தான். "எனக்குன்னு யாரும் இல்ல. தெரிஞ்சவர்னா ஏட்டய்யாதான்."

ஏட்டு வெளியே போய்ப் படியில் நின்றார். சடையாண்டி பின்னாலேயே போனான்.

"அய்யா, மனசைத் தேத்திக்கங்க. உங்களுக்குத் தெரிஞ்ச பையன் மாயழகைப் போலீஸ் பிடிச்சுருச்சு."

ஏட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எந்தப் போலீஸ்?"

"நம்மதான்யா."

"அடப்பாவிகளா. பையன் சாப்பிட்டானா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவனுக்கு நாலு இட்லி வாங்கி வந்தார்.

சீனியம்மாவின் வீடு அடுத்த தெரு. கன்றின் கத்தல் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்க மூணு பேரு மேலயும் புகார் குடுக்கறேன்."

மூவருக்கும் முகம் வெளுத்தது. சடையாண்டி நாடாவை இன்னும் இறுக்கினான்.

"நம்ம மேல வர்ற புகாரை நாம விசாரிக்கக் கூடாது" என்றார் ஏட்டு.

"புகார் குடுத்தவங்களும் விசாரிக்கக் கூடாது" என்றான் பிச்சைமணி.

"போலீஸ்ல இல்லாத வெளியாள்தான் விசாரிக்கணும்" என்றான் சடையாண்டி.

மூவரும் ஸ்டேஷனைச் சுற்றிப் பார்த்தார்கள். மாயழகு இட்லி தின்றுகொண்டிருந்தான்.

அவனைக் கை கழுவச் சொல்லி ஏட்டின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சொல்லத்தான் வேண்டும், மாயழகு நேர்மையாகவே விசாரித்தான்.

"ஒரு ஏழைப் பொம்பளையோட எருமை திருடு போயிருக்கு. அதைத் திருடன் கையிலயே விட்டு வச்சிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

மூவரும் தலை குனிந்தார்கள். மாயழகு மூவரையும் லாக்கப்பில் தள்ளி, பூட்டோடு மல்லுக்கட்டினான். அந்த நேரத்தில் சீனியம்மா கயிற்றை அவிழ்த்துவிட்டாள். தடுக்கத்தான் வெளியே ஆள் இல்லையே. கொஞ்ச நேரத்தில் கன்றின் கத்தல் நின்றது. அது முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்துச் சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாயழகு திரும்பிப் பார்த்தால் வாசலில் தூண் மட்டும் நிற்கிறது.

"ஏட்டய்யா, எருமை திருடு போச்சு. என் பொறுப்புல விட்ட எருமை."

"அப்ப புகார் குடு."

"குடுக்கறேன், கேளுங்க."

"வெளிய நின்னு குடுத்தா எப்படி? புகார் குடுக்க வர்றவரை உள்ள கூப்பிட்டு, உக்கார வச்சு, மரியாதையாக் கேக்கணும்னு சட்டம். உள்ள வா."

மாயழகுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பூட்டைத் திறந்து உள்ளே போனான். உள்ளே மூன்று கைதிகள் இருக்கிறார்களே, தப்பித்துவிட்டால் யார் பதில் சொல்வது? பிச்சைமணி கதவைச் சாத்தி, கம்பி வழியாகக் கையை நீட்டிப் பூட்டினான். கைதி கையில் சாவி இருக்கக் கூடாது என்பது சடையாண்டிக்கு ஞாபகம் வந்தது. சாவியை வாங்கி வெளியே வீசினான். அது வாசல்படி வரைக்கும் போய் விழுந்தது. ஏட்டு அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

காலையில் சீனியம்மா ஸ்டேஷனுக்குப் பால் ஊற்ற வந்தாள். உள்ளேயிருந்து நாலு பேரும், "யாராவது வந்து திறந்து விடுங்கப்பா" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, சாவியை எடுக்கக் குனிந்தாள்.

நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "தொடாதே. அது அரசாங்கச் சொத்து."