காதில் வைத்த போன்

"ஒரு ஆளை மறக்கணும்மா. அதுக்கு ஒரு மந்திரம் வேணும்."

தனபாலன் இதைச் சொல்லிவிட்டு, குகையின் ஈரத் தரையில் கால் மாற்றி உட்கார்ந்தான். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பெரிய கார் ஷோரூமில் பத்தொன்பது வருஷமாக விற்பனையாளன். தரையில் உட்காரும் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

எதிரே இருந்த சாமியார் அம்மாவுக்கு அவனைவிடப் பத்து வயது குறைவு. முன்பு பேருந்தில் டிக்கெட் கிழித்தவர் என்று சொல்வார்கள். ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, இந்தச் சுண்ணாம்புக் குன்றுக்குள் நடந்து போனவர், பிறகு வேலைக்குத் திரும்பவில்லை.

மேலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

"என்ன செஞ்சார் அந்த ஆளு?"

"ஒண்ணுமே செய்யலம்மா. அதுதான் தாங்க முடியல."

பிறகு நடந்ததைச் சொன்னான்.

ஷோரூம் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் விற்பனையாளர்கள் ஐந்து பேரின் பெயர் வரிசையாக இருக்கும். கதவைத் திறந்துகொண்டு யார் வந்தாலும் மேலே இருக்கும் பெயர்க்காரர் போய் வரவேற்க வேண்டும். வரவேற்றால் அவர் பெயர் கடைசிக்கு இறங்கிவிடும். ஆனால் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தால் முறை போகாது, அடுத்தவர்தான் எழுந்து போக வேண்டும். அடுத்தவரும் போனில் இருந்தால் அதற்கடுத்தவர்.

இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கதவருகே கறுத்த ஆள் ஒருவர் சிலிப்பர் போட்டுக்கொண்டு நின்றால், ஐந்து போன்களும் தாமாகவே காதுக்குப் போய்விடும்.

தமிழரைக் கண்டால் தமிழனுமா போனை எடுப்பான் என்று கேட்கலாம். ஐந்து பேரில் தனபாலன் கைதான் வேகம். "உங்க ஆளு வந்திருக்கார்" என்று பக்கத்து மேசைச் சீனன் சியோங் கண் காட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டுமே. டை கட்டிய நாளிலிருந்து அந்தப் பேச்சு அவனுக்கு ஆகாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் முறை. ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தனபாலன் போனைக் காதில் வைத்து, "ஆமா தவுக்கே, வெள்ளை நிறமும் இருக்கு தவுக்கே" என்று இல்லாத ஒரு முதலாளியோடு குழைந்தான். வந்தவர்கள் ஒரு நீலக் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அந்தப் பெண் காரைத் தொடவில்லை. தொட்டுவிடாத தூரத்தில் விரலை வைத்துக்கொண்டே போனாள்.

இருபது நிமிஷம் ஆனது. அந்த மனிதர் தனபாலன் மேசைக்கு நாலடி தள்ளி வந்து நின்றார்.

அப்போது, காதில் இருந்த போன் மணியடித்தது.

ஜொகூரில் படிக்கிற மகள் லோசினி, சாப்பிட்டாச்சா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். மணி ஷோரூம் முழுக்கக் கேட்டது. சியோங் சிரிப்பை அடக்க மேசைக்கடியில் குனிந்துகொண்டான். தனபாலனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

அந்த மனிதர் கோபப்படவில்லை. தணிந்த குரலில் சொன்னார்:

"எடுத்துப் பேசுங்கண்ணே. நாங்க நிக்கிறோம்."

தனபாலன் போனோடு பின்பக்கம் ஓடிக் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டான். வெளியே வந்தபோது நீலக் காருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

"அன்னையிலேருந்து போன் அடிச்சா அந்தக் குரல்தாம்மா கேக்குது. மக கூப்பிட்டா எடுக்க முடியல. மூணு வாரமாச்சு. கோவமா அப்பான்னு எழுதிக் கேக்குறா, வேலைன்னு பொய் எழுதுறேன். அவர் முகத்தை எம் மனசுலேருந்து எடுத்துப் போட்டுருங்க."

"எடுத்துடலாம்" என்றார் அம்மா. "எப்படி இருக்கும் அந்த முகம்?"

தனபாலன் கண்ணை மூடினான். நீல வார் வைத்த சிலிப்பர், குதிகாலில் தேய்ந்தது. சட்டைப் பையின் ஓரம் எண்ணெய்க் கறை. கையில் பழுப்பு உறை. தன்னைவிட ஒரு பிடி கூடுதலான கறுப்பு. இதெல்லாம் கடகடவென்று வந்தது. அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை.

ஆறு சொட்டு விழுந்தது.

"முகம் பாக்கலம்மா."

"இல்லாததை நான் எதைப் பிடிச்சு எடுக்குறது? பாத்துட்டு வாங்க."

அதே சிலிப்பரைத் தேடிக்கொண்டு ஊரெல்லாம் அலைய முடியுமா என்று அவன் முனகினான். அம்மா எழுந்து விளக்குக்கு எண்ணெய் விட்டார்.

"சிலிப்பர் இந்நேரம் அறுந்திருக்கும். சட்டையைத் துவைச்சிருப்பாங்க."

மறுநாள் மதியம் ஷோரூமில் தனபாலனுக்குக் கண் சொக்கியது. மழைக்கு முந்திய வெளிச்சம். பளிங்குத் தரை குளம்போல் கிடந்தது, கார்கள் அதில் மிதந்தன. கண்ணாடிக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஒரு ஜோடி சிலிப்பர் தண்ணீரின் மேல் நடந்து வந்தது. மேலே சட்டை, சட்டைக்கு மேலே குன்றிலிருந்து இறங்கிய பனி. பனிக்குள் யாரோ பேச வாயெடுத்தார்கள்.

திடுக்கிட்டு விழித்தான். கதவருகே நிஜமாகவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான்கு போன்கள் காதில் இருந்தன.

தனபாலன் எழுந்து ஓடினான். அவர் முகத்தை நேராகப் பார்த்தான், உட்கார வைத்தான், தேநீர் கொடுத்தான், பேசட்டும் என்று காத்திருந்தான். பேசினார். அந்தக் குரல் இல்லை.

அடுத்தவரும் இல்லை. அதற்கடுத்து வந்தவர் லாரி ஓட்டுகிறவர், அவரும் இல்லை. வங்காளதேசத்து ஆள் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்க வந்தார். அவர் தமிழே பேசமாட்டார் என்று தெரிந்தும் தனபாலன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தான். சிலிப்பர் அறுந்திருக்கும் என்ற நினைப்பில் பூட்ஸ் போட்டவர்களையும் விடவில்லை. பலகையில் அவன் பெயர் இறங்கிக்கொண்டே இருந்தது.

இவனுக்கு மண்டை கழண்டுவிட்டது என்று நால்வரும் பேசிக்கொண்டார்கள். சியோங் மட்டும் ஒருநாள் பக்கத்தில் வந்து, அரைகுறைத் தமிழில், யாரைத் தேடுகிறாய் என்று கேட்டான்.

"ஒரு கஸ்டமரை."

"என்ன கார் கேட்டார்?"

"நான் கேக்கவே விடல" என்றான் தனபாலன்.

இரண்டு மாதம் கழித்து, மகளின் போனை இன்னும் எடுக்காமலேயே, மறுபடி குகைக்குப் போனான். அன்று கூட்டம். எட்டுப் பேருக்குப் பின்னால் நின்று, தன் முறை வந்ததும் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னாலும் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா அவரை?"

"இல்லம்மா. எத்தனையோ முகம் பாத்துட்டேன். ஒருத்தருக்குப் புருவத்துல வெட்டு. ஒருத்தர் சிரிச்சா முன்பல்லு ஒண்ணு இருக்காது. ஒரு பெரியவர் ஸ்டீரிங்கைப் பிடிச்சதும் அழுதுட்டார், ஏன்னு நான் கேக்கல. எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. அவர் மட்டும் வரல."

அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"போகட்டும். முகம் இல்லாமலே மறக்குறதுக்கும் ஒரு மந்திரம் இருக்கு. கிட்ட வாங்க, காதுல சொல்றேன்."

தனபாலன் ஆவலோடு குனிந்தான். பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். கை தானாகப் போய்க் காதை மூடிக்கொண்டது.

"வேணாம்மா."

"ஏன்?"

"அந்தக் குரலும் மறந்துபோச்சுன்னா, அவர் திரும்பி வர்றப்போ எனக்கு எப்படித் தெரியும்?"

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது.

குகை அந்த மணியை வாங்கி நாலா பக்கமும் திருப்பி அடித்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். எடுத்துப் பார்த்தான். லோசினி. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா தணிந்த குரலில் சொன்னார்:

"எடுத்துப் பேசுங்கண்ணே. நாங்க நிக்கிறோம்."

தனபாலன் போனைக் காதில் வைத்தான். இந்த முறை மறுபக்கத்தில் ஆள் இருந்தது.