மான் இல்லாத காட்டில் மானுக்கு ஒரு பழம்

ஒரு மந்திக் குடும்பம் தன் காட்டில் தீப்பிடித்ததால் ஆற்றைக் கடந்து புதுக் காட்டுக்குக் குடிவந்தது. அங்கே பிறந்தவர்கள் பூவரசியும் அவள் தம்பி குண்டுமணியும்.

தினமும் காலையில் அப்பா மந்தி விளாமரத்தில் ஏறும். முதல் பழத்தைப் பறித்து, "மான் மச்சானுக்கு!" என்று கீழே போடும். அதற்குப் பிறகுதான் குடும்பம் சாப்பிடும்.

அந்தக் காட்டில் ஒரு மான்கூடக் கிடையாது!

பழம் போய்க் காட்டுக்கோழியின் முதுகில் விழும். "ஐயோ, என் முதுகு! விடிஞ்சா போதும், குண்டு போட ஆரம்பிச்சிடுறாங்க!" என்று அது கத்தும்.

பக்கத்து மரத்து நாட்டுக்குரங்கு சடையன் விழுந்து விழுந்து சிரிப்பான். "பூவரசி, இன்னைக்கு மான் வந்து சாப்பிட்டுதா?"

பூவரசிக்கு முகம் சுருங்கிவிடும். ஒருநாள் கேட்டேவிட்டாள். "இல்லாத மானுக்கு எதுக்குப்பா பழம்?"

"எங்கப்பா போட்டார், நானும் போடுறேன்" என்றது அப்பா.

அம்மா மந்திதான் யோசித்துச் சொன்னது: "பழைய காட்டுல நாம போட்டதை மான் தின்னும். சிறுத்தை வந்தா மான்தான் முதல்ல குரல் கொடுக்கும். நாம மேலே ஏறித் தப்பிச்சுடுவோம்."

"அப்போ இங்கே யாரும்மா குரல் கொடுப்பா?"

அம்மா குண்டுமணியின் வாலைத் தடவியது. முந்தின நாள்தான், குட்டையில் தண்ணீர் குடிக்கப் போன குண்டுமணிமேல் சிறுத்தை பாய்ந்திருந்தது. வால் முடி நாலு போனதோடு தப்பித்தான்.

பூவரசி மரத்தைவிட்டு இறங்கினாள். "கோழியக்கா, உங்களுக்கு என்ன பழம் பிடிக்கும்?"

"அடேயப்பா! இத்தனை வருஷத்துல இப்பதான் ஒருத்தி கேட்கிறா! அத்திப்பழம் பிடிக்கும். பிட்டுப் போடு. உள்ளே பூச்சி இருந்தா ரொம்ப விசேஷம்!"

மறுநாள் முதல் பூவரசி அத்திமரத்தில் ஏறினாள். முதல் பழத்தைப் பிட்டு, "கோழியக்காவுக்கு!" என்று போட்டாள்.

அப்பா பதறியது. "நம்ம வழக்கம் விளாம்பழம்டி! அதுவும் மானுக்கு!"

"மான் வந்தா மானுக்கும் போடலாம்ப்பா. இப்ப இங்கே இருக்கிறவங்க பசியோட இருக்காங்களே!"

நான்காம் நாள் குண்டுமணி குட்டைக்குப் போனான். குனிந்து வாய் வைத்ததும் புதருக்குள் இருந்து, "கெக்! கெக்! கெக்! சிறுத்தை! ஏறுடா தம்பி!" என்று கோழிகள் அலறின.

குண்டுமணி ஒரே தாவில் மரத்தில் இருந்தான். பாய்ந்த சிறுத்தை நேராகச் சேற்றில் விழுந்தது!

"குரங்குக் குட்டிக்காக நீ ஏன் கத்துறே?" என்று அது உறுமியது.

கோழி தாழ்ந்த கிளையில் ஏறி நின்றுகொண்டு சொன்னது: "அவங்க எங்க வீட்டு ஆளுங்க. நீ முதல்ல மூக்கைத் துடை!"

காடே சிரித்தது. அம்மா குண்டுமணியை வாரி அணைத்துக்கொண்டது. அப்பா விறுவிறுவென்று அத்திமரத்தில் ஏறி, கை வலிக்க வலிக்கப் பழங்களைப் பிட்டுப் பிட்டுப் போட்டது. "அப்பா, ஒண்ணு போதும்ப்பா!" என்று பூவரசி கத்தியது அதன் காதில் ஏறவே இல்லை.

சடையன் மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எங்க வீட்லயும் இதைத் தொடங்கலாமான்னு அம்மா கேட்டுவரச் சொன்னாங்க."

"வா, வா! எந்தப் பழத்தைப் போடணும்னு மட்டும் கீழே கேட்டுக்கோ!" என்றாள் பூவரசி.

முன்னோர் தந்த வழக்கத்தின் காரணத்தைக் கேட்டறிந்து, அதைப் புது மண்ணுக்கு ஏற்பச் செய்யும் பிள்ளைகளிடமே அந்த வழக்கம் உயிரோடு வாழும்.