மச்சானும் வரட்டும்

கணவன் கத்தாருக்குப் போய் ஆறு வருடமாகிறது. அதே ஊரில் சமையல் வேலை வாங்கித் தருவதாக ஏஜென்ட் துரைக்கண்ணு சொன்னதும், மன்னார்குடி விடுதியில் சமைக்கும் கடம்பவல்லி கட்டணத்துக்கு ஈடாக வீட்டுப் பத்திரத்தோடு அவர் அலுவலகத்தில் வந்து நின்றாள்.

“டூரிஸ்ட் விசாவுல போ. அங்க போனதும் வேலை விசாவா மாத்திடுவாங்க. பத்திரத்தையும் பாஸ்போர்ட்டையும் இன்னைக்கே குடு. பின்னாடி எத்தனை பேர் காத்திருக்காங்க பாரு,” என்றார் துரைக்கண்ணு.

மூலையில் சும்மா செல்போனை நோண்டிக்கொண்டிருந்த அவருடைய மச்சான் குணாளனை அவள் பார்த்தாள்.

“தனியாப் போக பயமா இருக்குங்கய்யா. உங்க மச்சானையும் இதே விசாவுல கூட அனுப்புங்க. இப்பவே தந்துடறேன்.”

குணாளன் துள்ளி எழுந்தான். “அத்தான், நான் போறேன்! இரு, அக்காகிட்ட சொல்லிடறேன்!”

துரைக்கண்ணு பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். “வைடா போனை! அந்த விசாவுல வேலைக்குப் போனா ஜெயிலுடா! அப்புறம் உங்கக்கா என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?”

பெஞ்சில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடம்பவல்லி பத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெருவில் கணவன் போனில் அழைத்தான். “எப்ப வர்றே வல்லி?”

“நாளாகும் போலிருக்கு. சாப்டீங்களா?”

“ரசத்துல உப்பு கூடிப்போச்சு.”

“கொஞ்சம் வெந்நீர் ஊத்துங்க,” என்றாள். இங்கிருந்து அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.