வீட்டில் இல்லாதவர்களின் கணக்கு

கல்வராயன் மலையிலுள்ள காரைக்காட்டுக்கு செல்போன் டவர் கிடையாது என்று கம்பெனி மேலாளர் சந்திரசூடன் கையை விரித்தார்.

"வீட்டுக்கு ரெண்டே பேரு. எங்க கணக்குப்படி ஆள் குறைஞ்சா பேச்சும் குறையும். ஆளைக் கூட்டிக் காட்டும்மா, டவர் தர்றேன்."

டவர் கேட்டு வந்திருந்த, ஆடு மேய்க்கும் வெள்ளச்சி கேட்டாள்: "உங்க வீட்டுல எத்தனை பேருங்கய்யா?"

"நான் மட்டும்தான். குடும்பம் மதுரையில."

"அப்ப போனே பேசமாட்டீங்களா?"

"தினமும் மணிக்கணக்கா பேசுறேனே!"

"எங்க பிள்ளைங்க திருப்பூர்ல இருக்குதுங்கய்யா. வீட்டோட இருந்தா போன் எதுக்கு?"

மேலாளர் பேனாவை எடுத்தார். ஊரைவிட்டுப் போனவர்களையும் சேர்த்துக் கணக்கைத் திருத்தினார்.

டவர் வந்தது. தினமும் மகளின் குரலைக் கேட்ட வெள்ளச்சி, சில மாதம் கழித்து ஊருக்கு வந்த மேலாளரைக் கண் கலங்கிக் கும்பிட்டாள்.

"நான்தாம்மா உங்களைக் கும்பிடணும்" என்றார் அவர். "உங்க ஊரு பேசுற பேச்சை ஒரு டவர் தாங்கல. மேலிடத்துல என்னைப் பாராட்டி, இன்னொண்ணும் வைக்கச் சொல்லிட்டாங்க!"