ஐந்தாவது நாற்காலி

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே விட்டுவிடலாம். இந்தக் கதையின் குரு பர்வீன். வயது இருபத்தெட்டு. கோயம்புத்தூர் சாய்பாபா காலனியில் ஒரு மாடி அறைதான் அவளுடைய ஆசிரமம்.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான புது டிஸ்ப்ளேக்களும் கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர்களும் கடைக்குப் போகும் முன் அந்த அறைக்கு வரும். பர்வீன் பத்து நாள் ஆடிப் பார்த்து, நல்லது கெட்டதை எழுதுவாள். அவள் ஆகாது என்று எழுதிய பொருளைக் கடைக்காரர்கள் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் விற்க முடியாது.

சீடன் சிபிக்கு முப்பத்து நான்கு வயது. அவன் அவளை மேடம் என்பான். அவள் அவனை அண்ணா என்பாள். பொருளைச் சோதிக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தான்.

சிபி ஓர் அணியின் கேப்டன். திரையில் கார் பந்தயம் ஓட்டுகிற அணி. ராம்நகரில் அவர்களுக்கு ஒரு கிளப் உண்டு. ஐந்து நாற்காலி, ஐந்து டிஸ்ப்ளே, ஐந்து கன்ட்ரோலர். நான்கு நாற்காலிக்கு நல்ல ஆட்கள் இருந்தார்கள். ஐந்தாவது நாற்காலிக்கு மட்டும் ஒன்றரை வருடமாக யாரும் சரிப்பட்டு வரவில்லை. சென்னைப் போட்டிக்குப் புதன்கிழமைக்குள் ஐந்து பெயர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அணியே போக முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்ததும் வராததுமாக சிபி கேட்டான்.

"மேடம், ஒருத்தன் கை வேகமா மந்தமான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"ஏன் கேக்கறீங்கண்ணா?"

"நாலு பேரை உக்கார வெச்சுப் பார்த்துட்டனுங்க. நாலு பேரும் வளைவுல பிரேக் பிடிக்கறதுக்குள்ள விடிஞ்சு போயிருது. கடைசியா வந்த பொண்ணு இன்ஜினியரிங் படிக்குது. போன வாரம் அழுதுட்டே போயிருச்சு. என்ன பண்றதுங்க, கையில உசுரு இல்லாதவங்களை வெச்சுக்கிட்டு?"

"முதல்ல உக்காந்தது யாரு?"

"லிங்கேஸ்வரன். லிங்குன்னு கூப்பிடுவோம். என்கூடக் காலேஜ்ல படிச்சவன். ஒரு காலத்துல எங்க அஞ்சு பேர்ல அவன்தான் வேகம். அதனாலதான் புது டிஸ்ப்ளே வாங்கினப்ப அதை அவனுக்குன்னு போட்டுக் குடுத்தேன். அதுல உக்காந்த நாள்ல இருந்து வீணாப் போயிட்டானுங்க."

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னான். டிஸ்ப்ளே இழுக்குதுடா, பழசையே குடுடான்னான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். புதுசைக் குடுத்தா யாராவது பழசு கேப்பாங்களா? நாலு மாசம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். உன் கை போச்சுடா, எந்திரின்னு."

"அப்புறம்?"

"எந்திரிச்சுப் போயிட்டான். அதுக்கப்புறம் வரலை."

இதைச் சொல்லும்போது சிபியின் குரலில் வருத்தம் இல்லை. பெரிய கடமை ஒன்றைச் செய்து முடித்தவனின் தெம்புதான் இருந்தது. இந்தத் தெம்பை நானும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பார்த்த இடத்திலெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

பர்வீன் அவனை மேசைப் பக்கம் கூப்பிட்டாள். மேசையில் இரண்டு டிஸ்ப்ளேக்கள் இருந்தன. இரண்டின் ஓரங்களையும் செய்தித்தாளால் மூடி ஒட்டியிருந்தாள். கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டால் கண் நியாயமாகப் பார்க்காது என்பது அவள் கொள்கை.

"இது ரெண்டும் புதுசு. ஒவ்வொண்ணுலயும் பத்துச் சுத்து ஓட்டிப் பார்த்துட்டு எது எப்படின்னு சொல்லுங்கண்ணா."

சிபி இடது பக்கத்து டிஸ்ப்ளேயில் பத்துச் சுற்று ஓட்டினான். வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போனான். பிறகு வலது பக்கம் நாற்காலியைத் தள்ளினான். மூன்றாவது சுற்றிலேயே கார் மண்ணுக்குள் இறங்கியது. ஆறாவதில் மறுபடியும் இறங்கியது. எட்டாவதில் கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டான்.

"இடது தங்கமுங்க. வலது தகரம். வளைவு கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள வண்டி வெளிய போயிருது. இதைச் செஞ்சவனைக் கட்டி வெச்சு உதைக்கணும். தயவு தாட்சண்யம் பார்க்காம எழுதிருங்க மேடம்."

பர்வீன் செய்தித்தாளைக் கிழித்தாள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்.

சிபி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கம்ப்யூட்டரில் செட்டிங்கைத் திறந்து காட்டினாள். விநாடிக்கு எத்தனை முறை படம் மாற வேண்டும் என்ற எண் அதில் இருந்தது. இடது பக்கம் இருநூற்று நாற்பது. வலது பக்கம் அறுபது. எண் குறைந்தால் படம் இழுத்துக்கொண்டு வரும்.

சிபி சிரித்துவிட்டான்.

"அட, இதுதானா! பெட்டியில இருந்து எடுத்துச் செருகினா அறுபதுலதாங்க ஓடும். நாமதான் உள்ள போய் ஏத்தி விடணும். இதைக்கூடப் பார்க்காதவன் எதுக்குங்க புதுசு வாங்கணும்?"

"வலது பக்கம் வண்டி மண்ணுல எறங்கினப்ப யாரைத் திட்டினீங்க?"

"டிஸ்ப்ளேயைத்தான்."

"உங்க கை போச்சுன்னு தோணலையா?"

"எப்படிங்க தோணும்? அரை மணி முன்னால இடது பக்கம் ஓட்டின கைதானே இது?"

"சரிண்ணா. உங்க கிளப்புல செட்டிங்கெல்லாம் யாரு பார்க்கறது?"

"நான்தானுங்க. வேற யாரும் தொடக்கூடாது. ஒரு மேட்ச்சுக்கு முன்னால எவனோ நோண்டி எல்லாத்தையும் குழப்பிட்டான். அன்னையில இருந்து சட்டம் போட்டுட்டேன். பாஸ்வேர்டு எங்கிட்ட மட்டுந்தான்..."

பேச்சு பாதியில் நின்றது.

பர்வீன் டீயை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைப் பார்க்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். செருப்பை மாட்டும்போது வலது காலுக்கு இடது செருப்பைப் போட்டுக் கழற்றினான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தான். முகம் கழுவாமல் வந்திருந்தான்.

"அறுபதுங்க" என்றான்.

"உம்."

"ஒன்றரை வருசமா அறுபது. அந்த நாற்காலியில நேத்துத்தான் முதல் தடவையா உக்காந்தேன். ரெண்டு சுத்துகூட ஓட்ட முடியலை."

"மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டனுங்க. பத்து விநாடி வேலை."

"மத்தவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"இன்னும் சொல்லலை."

"லிங்குகிட்ட?"

சிபி தரையைப் பார்த்தான்.

"நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன் மேடம். லிங்குவை மறுபடியும் கூப்பிட்டுக்கறேன். இன்னொரு வாய்ப்புக் குடுக்கற மாதிரி. பழசையெல்லாம் மறந்துட்டு வாடான்னு சொன்னா ஓடி வந்துருவான். புதன்கிழமை பேரும் குடுத்தறலாம். டிஸ்ப்ளே விஷயத்தை எதுக்குங்க கிளறிக்கிட்டு?"

தப்பும் செய்துவிட்டு, அதைத் தாராள மனசு என்ற பெயரில் பரிமாறவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். சிபிக்கு அது நன்றாகவே இருந்தது.

பர்வீன் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள்.

"புதுக் கன்ட்ரோலர் வந்திருக்குண்ணா. பட்டன் எவ்வளவு சீக்கிரம் வேலை செய்யுதுன்னு பார்க்கணும். ரெண்டு பேரு வேணும். நீங்க ஒருத்தரு. நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க."

லிங்கு போத்தனூரில் தன் மாமாவின் பேக்கரியில் இருந்தான். செவ்வாய்க்கிழமை சிபி போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தான். சிபியைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சிரித்தான். சிபிக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"ஒரு கன்ட்ரோலரைச் சோதிக்கணும்டா. மேடம் கூப்பிட்டாங்க."

"நானாடா? என் கையை வெச்சு என்ன சோதிப்பாங்க?"

"வாயேன்."

"சரி, நீ போ. நான் பஸ்ல வந்தர்றேன்."

"உன் வண்டி எங்க?"

"தம்பிகிட்டக் குடுத்துட்டேன். நான் ஓட்டறதில்லை."

"ஏன்டா?"

"நீதானே சொன்னே, என் கை போச்சுன்னு. ஆட்டத்துலயே பிரேக் பிடிக்க லேட்டாகற கையை வெச்சுட்டு ரோட்டுல போலாமா? குறுக்க ஒரு குழந்தை ஓடி வந்தா என்னடா பண்றது?"

குற்றம் சொல்கிற குரலே இல்லை. இன்று மழை வரும் என்பது போலச் சொன்னான். ஒரு மனிதன் ஒரு வருடத்துக்கும் மேலாக வண்டியைத் தொடாமல் இருந்திருக்கிறான். நண்பன் சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே வாழ்க்கைக்கும் பொருத்திக்கொண்டு, ஊரில் உள்ள குழந்தைகளுக்காகப் பஸ்ஸில் போய் வந்திருக்கிறான்.

சிபி அவனைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தான். உக்கடம் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். உக்கடம் வந்ததும் டவுன்ஹால் வரட்டும் என்று நினைத்தான். அப்படியே சாய்பாபா காலனி வந்துவிட்டது.

சோதனை எளிது. திரையில் ஒரு சிவப்பு வட்டம். அது பச்சையானதும் பட்டனை அழுத்த வேண்டும். ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கி, எத்தனை பங்கு ஆயிற்று என்று கம்ப்யூட்டர் சொல்லும். குறைந்த எண் வந்தால் கை வேகம். ஆளுக்கு இருபது முறை.

முதலில் சிபி. சராசரி இருநூற்றுப் பதினான்கு.

அடுத்து லிங்கு. கன்ட்ரோலரை வாங்கும் முன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். அழுத்துவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்கிறவன் போல பர்வீனைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்து அழுத்த ஆரம்பித்தான்.

நூற்று எண்பத்தொன்று.

பர்வீன் இன்னும் இருபது முறை அழுத்தச் சொன்னாள். நூற்று எழுபத்தொன்பது.

"அஞ்சு வருசமா இங்க சோதிக்கறேங்க" என்றாள் லிங்குவிடம். "இந்த ரூம்ல நூத்தித் தொண்ணூறுக்குக் கீழ யாரும் வந்ததில்லை."

லிங்கு கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அருமையான கன்ட்ரோலருங்க. யாரு பிடிச்சாலும் வேகம் வந்துரும் போல. இதை நல்லபடியா எழுதுங்க."

"சிபியண்ணாவும் அதே கன்ட்ரோலர்லதான் அழுத்தினாரு."

"அவன் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கானுங்க. அலுப்பா இருக்கும்."

சிபியால் அதற்கு மேல் முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தான்.

"லிங்கு, அந்த டிஸ்ப்ளே அறுபதுலயே கிடந்துச்சுடா. பெட்டியில இருந்து எடுத்து மாட்டினேன், ஏத்தி விட மறந்துட்டேன். நாலு மாசமும் நீ அதுலதான் ஓட்டினே. நீ இழுக்குதுன்னு சொன்னது நிஜம். உன் கைக்கு ஒண்ணும் ஆகலை. தப்பு என்னோடது. நாளைக்குப் பேர் குடுக்கணும், வந்துருடா."

லிங்கு எழுந்து சிபியின் பக்கத்தில் வந்தான். பிறகு அவன் தோளில் தட்டினான்.

"அதையெல்லாம் பார்க்காம விடற ஆளாடா நீ? உனக்கு ஆள் கிடைக்கலைன்னு பசங்க சொன்னாங்க. அதுக்காக இப்படியொரு பழியைத் தலையில போட்டுக்கிட்டு வந்து நிப்பியா?"

"சத்தியமாச் சொல்றேன்டா. வா, கிளப்புல மறுபடி அறுபதுல வெச்சுக் காட்டறேன்."

"இப்ப நீ அறுபதுல வெச்சா அன்னைக்கும் அப்படி இருந்துச்சுன்னு ஆயிருமா? என் மனசு நல்லா இருக்கணும்னு சொல்றே, புரியுது. என்னால உங்க மேட்ச் போயிறக்கூடாதுடா. வேற ஆளைப் பாரு."

"கம்ப்யூட்டர்ல நம்பர் வந்துச்சே, அதையாவது நம்பு!"

"அது கன்ட்ரோலர்டா."

லிங்கு கன்ட்ரோலரை அதன் பெட்டிக்குள் ஒயர் மடங்காமல் வைத்தான். பர்வீனைப் பார்த்துக் கும்பிட்டான்.

"வர்றேனுங்க. சாயங்காலம் கடையில கூட்டமாயிரும். எனக்கு இங்கயே பஸ் இருக்கு, நீ அலையாதே" என்று சிபியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

சிபி வாசல்வரை போனான். கூப்பிட வாயெடுத்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. பர்வீன் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

சிபி கேட்டான்.

"மேடம், அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் பொய். ஒரே வார்த்தையில நம்பி எந்திரிச்சுப் போனான். இன்னைக்கு நிஜத்தைச் சொல்றேன். கண்ணால நம்பரையும் பார்த்தான். நம்ப மாட்டேங்கறான். ஏனுங்க?"

பர்வீன் சொன்னாள்:

"அன்னைக்கு நம்பறதுக்கு அவருக்கு ஒரு கேப்டன் இருந்தாருண்ணா."