தலை விழாத மாப்பிள்ளைப் படம்

மூளையைச் செலவழித்தால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருக்கிற அண்ணன் தம்பிகள் மூன்று பேர் சித்துக்காட்டுப்புதூரில் உண்டு. மூத்தவர் சென்னியப்பன், அடுத்தவர் பொங்கியண்ணன், கடைசி நாச்சிமுத்து. நாச்சிமுத்துவுக்குப் பெண் தேடித் தேடி, தேடிய தரகரின் பேத்திக்கே கல்யாணம் முடிந்துவிட்டது.

ஒருவழியாகப் பக்கத்து ஊரில் ஒரு வரன் அமைகிற மாதிரி இருந்தது. "நல்ல கேமராவுல எடுத்த மாப்பிள்ளை படம் ஒண்ணு சாயங்காலத்துக்குள்ள வரோணும். இல்லாட்டி நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்" என்று சொல்லியனுப்பிவிட்டார் பெண்ணின் அப்பா வேலுச்சாமி.

மூவரும் டவுனுக்கு ஓடினார்கள். கடைக்காரர் இரண்டு கேமராவை எடுத்து வைத்தார்.

"அண்ணா, இது ஃபுல் ஃபிரேம். சுத்தி இருக்கறது நிறைய விழும், விலையும் கூட. இது கிராப் சென்சார். அதே லென்ஸைப் போட்டாலும் ஓரம் விழாது, நடுவுல இருக்கறது மட்டுந்தான். புதுசாப் பழகறவங்களுக்கு இதே தாராளம்."

மூவரும் கடை வாசலுக்கு வந்து ஆலோசித்தார்கள்.

"ஃபுல் ஃபிரேமே வாங்கிரலாங்ணா. சுத்தி இருக்கறதெல்லாம் விழுமாமே" என்றார் பொங்கியண்ணன்.

"அதுதான்டா வில்லங்கம். சுத்தின்னா பக்கத்து வீட்டுக் குப்புசாமியும் விழுவான். அவன் மீசை நம்ம பையன் மீசைக்கு ரெண்டு பங்கு. இவர்தான் வேணும்னு அந்தப் புள்ளை அவனைக் காட்டுச்சுன்னா?" என்றார் சென்னியப்பன்.

நாச்சிமுத்து தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "கிராப்பே போதுங்ணா."

"அதுல நடுவு மட்டுந்தான் விழும். உனக்கு நடுவுல இருக்கறது வயிறு. வயித்தைப் பார்த்து எவடா கழுத்தை நீட்டுவா?"

திரும்பவும் உள்ளே போய், சென்னியப்பன் இந்தச் சந்தேகத்தைக் கேட்டார். கடைக்காரர் இரண்டு கேமராவையும் ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "அண்ணா, ஏதாச்சும் வெட்டுப்பட்டா நீங்க பின்னாடி போங்க. போகப் போக எல்லாம் விழும்."

கிராப்பையே வாங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாச்சிமுத்து ஜரிகை வேட்டி கட்டிச் சுவரோரம் நின்றார். கேமரா பொங்கியண்ணனிடம் போயிற்று. பால் கறக்கிற கை, ஆடாது.

"அண்ணா, தலை விழல."

"அப்ப நான் பின்னாடி போகோணும். கடைக்காரர் என்கிட்டத்தானே சொன்னாரு" என்று சென்னியப்பன் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். பொங்கியண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். அவரை யாரும் போகச் சொல்லவில்லையே.

சென்னியப்பன் வாசலைத் தாண்டினார், தெருவைத் தாண்டினார். அப்புறம் போனில்தான் பேச்சு.

"இப்ப விழுந்துச்சாடா?"

"கழுத்தோட நிக்குதுங்ணா. இன்னும் போங்க."

"இப்ப?"

"அப்படியேதாங்ணா."

வெயில் தாழ்ந்தது. நேரமாகிவிடுமே என்று பொங்கியண்ணன் கழுத்துக்குக் கீழே விழுந்த மட்டும் ஒரு படம் எடுத்தார். கேமராத் திரையை அப்படியே போனில் இன்னொரு படம் எடுத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பினார். ஆனாலும் அண்ணனை நிற்கச் சொல்லவில்லை. தலையை அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம்.

அந்த ரோடு நேராகப் போய் முடிகிற இடம் வேலுச்சாமியின் வீடு. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி இருந்தபோது, ஒரு பிடரி அவர் வீட்டுக்குள் நுழைந்தது.

"ஏனுங்க, யாருங்க நீங்க?" என்று பிடரியிடம் கேட்டார்.

"மாப்பிள்ளை வீடுங்க. தலை இன்னும் வந்து சேரலைங்க. அதுக்குத்தானுங்க இத்தனை தூரம் நடக்கறேன்."

வேலுச்சாமியின் முகம் தெளிந்தது. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மிணி, உடம்பு போன்ல வந்திருச்சு, தலை நடந்து வந்திருக்குது. வந்து பாரு சாமி."

பெண் வந்தாள். சென்னியப்பனின் மோவாய்க்குக் கீழே போனைப் பிடித்து, தள்ளி நின்று பார்த்தாள். "சேர்த்துப் பார்த்தா நல்லாத்தானுங்கப்பா இருக்குது."

அங்கிருந்தே சென்னியப்பன் தம்பிக்குப் பேசினார். "முடிஞ்சுதுடா நாச்சி. உன் உடம்பும் என் தலையும் புடிச்சுப்போச்சாம். கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வரோணுமாம்."

"தாலி யாருங்ணா கட்டறது?"

"நீதான். கை உன்னுது. பட்டம் கட்டறது எனக்கு. நெத்தி என்னுது."

"மாலைங்ணா?"

அங்கேதான் சிக்கிக்கொண்டது. படம் சரியாகக் கழுத்தில் வெட்டுப்பட்டிருந்ததால், கழுத்து யாருடையது என்று இரண்டு வீட்டாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.